ஊரடங்கு

யாரும் அறிவிக்கவில்லை.
செப்டம்பர் பன்னிரண்டு,
கண்ணுக்கெட்டிய தூரம்வரை கடலில்
ஒரு துண்டுப் பனிக்கட்டி இல்லை.
முனைக்குக் கீழே கூழாங்கல் கரையில்
முதல் வால்ரஸ் ஏறியது.
மாலைக்குள் நானூறு.
வெள்ளிக்கிழமை ஓம்ரினா
எண்ணுவதை விட்டுவிட்டு
காவல் நோட்டில் எழுதினாள்:
"கல் தெரியவில்லை."

கரையேறிவிட்டன என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.
மிதக்கும் பனிமேல் குட்டியைக் கிடத்திவிட்டு
அடியில் மூழ்கிச் சிப்பி தின்று
மேலே வந்து பால் கொடுக்கும் உயிர் அது.
தொட்டிலே கரைந்துபோனால்?

ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன,
தந்தத்தில் தந்தம் உரச.
அவற்றின் மூச்சு நாற்றம்
தபால் நிலையம்வரை வந்தது.

ஒரு வேட்டுச் சத்தம் போதும்.
ஒரு ஹெலிகாப்டர். உருளும் ஒரு கல்கூட.
மொத்தக் கூட்டமும் தண்ணீருக்குப் பாயும்,
ஒரு டன் தாய்களுக்கு அடியில்
குட்டிகள் அகப்படும்.

ஆகவே ஊர் அடங்கியது.
நாய்களை ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய்க் கட்டினோம்.
பள்ளி மணியின் நாக்கைக் கழற்றி
ஆசிரியை இழுப்பறையில் பூட்டினாள்.
ரிந்துவ்கி தன் மோட்டார் படகைத்
துடுப்புப் போட்டு ஓட்டினான்,
வைதுகொண்டே, ஆனால் மெதுவாக.
விமானம் சுற்றிக்கொண்டு வந்தது,
மாவும் தேயிலையும் ஒருநாள் தாமதம்.
நான் டீசல் ஜெனரேட்டர்காரன்,
இந்த ஊரின் பெரிய சத்தமே நான்தான்.
இருட்டியதும் என்னை அணைத்துவிடச் சொன்னார்கள்.

கணவன் மனைவி சண்டைகூடக்
கிசுகிசுப்பில் நடந்தது.
கிசுகிசுத்துத் திட்டினால்
கோபம் நெடுநேரம் நிற்பதில்லை.
அந்த வருடம்தான் தெரிந்தது.

அக்டோபர் மூன்று. வெளியே ஒரு வெள்ளைக் கப்பல்.
அருகில் வராதீர்கள் என்று
ஓம்ரினா ரேடியோவில் சொன்னாள்.
சரி என்றார்கள், மரியாதையாக.
கப்பல் வரவில்லை.
ஒரு ட்ரோன் வந்தது,
கடற்காக்கை அளவு, கொசுவின் குரல்.
நல்ல மனிதர்கள்தான்.
ஒரு படத்துக்கு ஆசைப்பட்டார்கள்.

இடி என்றுதான் முதலில் நினைத்தேன்.
இடி தரைக்குள்ளிருந்து வராது.

பிறகு கல் தெரிந்தது.
கல் அல்லாதவையும்.
நூற்றுப் பதினேழு என்று எழுதினாள் ஓம்ரினா,
குட்டிகள் தொண்ணூறு.
பேனா அழுந்தி
அடுத்த பக்கத்திலும் அந்த எண் பதிந்தது.

அன்றிரவே டிராக்டரில் கட்டி இழுத்தோம்,
மேற்கே ஒன்பது கிலோமீட்டர்.
நாற்றம் ஊரில் தங்கினால்
பனிக்கரடி ஊருக்குள் தங்கும்.
பிறகு துப்பாக்கி பேசும்,
பிறகு இரு பக்கமும் சாவு.
விடிவதற்குள் கை மரத்துப்போனது.
ஒரு தாய்க்கரடி, பின்னால் இரண்டு குட்டிகள்,
என் சன்னலுக்கு நேராக நடந்துபோயின.
எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை.
காற்றில் யாரோ போட்ட கோட்டின்மேல்
மூக்கை வைத்துப் போனது போல் இருந்தது.
காலையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள்.

மூன்றாம் நாள் வால்ரஸ்கள் அதே கரைக்குத் திரும்பின.
மன்னித்துவிட்டன என்றாள் ஆசிரியை.
இல்லை.
வேறு இடம் இல்லை.

நவம்பர் ஒன்பதில் வடக்கே கடல் தடித்தது,
ஆறிய கஞ்சியில் ஆடை படிவது போல.
இரண்டு இரவு. கரை காலி.
நாய்கள் வந்தன, மணிக்கு நாக்கு வந்தது.
நான் ஜெனரேட்டரின் கைப்பிடியைச் சுழற்றினேன்.
ஊருக்கே உயிர் வந்ததுபோல் ஓர் இரைச்சல்.
சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஓம்ரினா ஓடிவந்தாள்.
ஏதோ சொன்னாள், கேட்கவில்லை.
கத்து என்றேன்.
வாயைத் திறந்தாள்,
இரண்டு மாதம் பழகிய குரல்
கிசுகிசுப்பு அளவுதான் வந்தது.
நோட்டைப் பிரித்து,
பழைய எண்ணின் பள்ளம் தெரிந்த
அந்தப் பக்கத்தின்மேலேயே எழுதிக் காட்டினாள்:

"ஒரு தாயும் குட்டியும்
இன்னும் முனையில்."

அணைத்தேன்.